28.2 நொடி, 5 பாயிண்ட் முன்னிலை: 2013 என்பிஏ கூடைப்பந்து ஃபைனல்ஸ் ஆறாவது ஆட்டத்தை ஸ்பர்ஸ் எங்கே விட்டது?

கோட்டோரம்

மயாமியின் ரே ஆலன் போட்ட கார்னர் த்ரீயைப் (மூலையில், கோட்டுக்கு வெளியிலிருந்து எறிந்த மூன்று பாயிண்ட் ஷாட்) பற்றி ஊரே பேசி ஓய்ந்துவிட்டது. இந்த இழை அதற்கு முந்தைய 23 நொடிக்கு.

2013 ஜூன் 18, மயாமி. மயாமி ஹீட்டுக்கு எதிரான தொடரில் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் 3-2 முன்னிலை, இன்னொன்று ஜெயித்தால் கோப்பை. மூன்றாவது குவார்ட்டர் முடிவில் 75-65. ஸ்பர்ஸின் டிம் டங்கன் 37 வயதில் முதல் பாதியில் மட்டும் 25 பாயிண்ட். நான்காவது குவார்ட்டரில் லெப்ரான் ஜேம்ஸ் ஹெட்பேண்ட் கழன்ற கையோடு பிடித்த வேகத்தில் மயாமி முன்னால் போனது. ஸ்பர்ஸின் டோனி பார்க்கர் லெப்ரான் முகத்துக்கு நேராகப் பின்வாங்கி ஒரு த்ரீ போட்டு 89-89 ஆக்கினார், அடுத்து சுழன்று இன்னொரு ஷாட், 91-89. ஸ்பர்ஸின் ஜினோபிலி இரண்டு ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்குக் கிடைக்கும் தடையில்லாத எறிதல், ஒன்றுக்கு ஒரு பாயிண்ட்), 93-89. கோப்பை கொடுக்கும் ஏற்பாட்டுக்காக ஆடுகள ஓரத்தில் மஞ்சள் கயிறு பிடித்துக்கொண்டு ஆட்கள் வந்து நின்றுவிட்டார்கள்.

அதற்குப் பிறகு, கடிகாரத்தில் மிச்சமிருந்த நொடிப்படி:

28.2: ஜினோபிலிக்கு மறுபடி இரண்டு ஃப்ரீ த்ரோ. ஒன்றுதான் விழுந்தது. 94-89. ஸ்பர்ஸ் பயிற்சியாளர் கிரெக் பாப்போவிச் டங்கனை உட்காரவைத்து போரிஸ் டியாவை அனுப்பினார்.

20.1: லெப்ரானின் த்ரீ தவறியது. பந்து தட்டுப்பட்டு மயாமியின் மைக் மில்லர் கைக்குப் போனது. அவர் லெப்ரானுக்கே திருப்பினார். இந்தமுறை விழுந்தது. 94-92.

19.4: ஸ்பர்ஸின் காவை லெனர்டை மயாமி ஃபவுல் பண்ணியது. இரண்டு ஃப்ரீ த்ரோவில் ஒன்று. 95-92. டங்கன் மறுபடி பெஞ்சில்.

5.2: லெப்ரானின் த்ரீ மறுபடி தவறியது. மயாமியின் கிறிஸ் போஷ் ரீபவுண்ட் (தவறி எகிறிய பந்து) எடுத்து, வலது கார்னருக்குப் பின்னோக்கிப் போய்க்கொண்டிருந்த ஆலனுக்குக் கொடுத்தார். 95-95.

ஓவர்டைமில் 103-100. இரண்டு நாள் கழித்து ஏழாவது ஆட்டமும் போனது, 95-88.

என் கட்சி இதுதான்: இரண்டு முறையும் முதல் ஷாட் தவறியது, அதாவது ஸ்பர்ஸ் டிஃபென்ஸ் தன் வேலையைச் செய்துவிட்டது. இரண்டு முறையும் பந்துதான் கைக்கு வரவில்லை. தோற்றது அந்த இரண்டு ரீபவுண்டில். மறுப்பவர்கள் வரலாம்.

பெஞ்ச் ஆறாவது ஆள்

இதுல மறுக்க என்ன இருக்கு? 6 அடி 11 அங்குலம் உயரமுள்ள ஆள், அந்த ஆட்டத்துல 17 ரீபவுண்ட் எடுத்தவர், அவரை ரெண்டு தடவையும் வெளிய உக்கார வச்சா ரீபவுண்ட் எங்கிருந்து வரும்? ஒருதடவை பட்ட பிறகாவது யோசிக்க வேணாமா? பழி பாப்போவிச் மேலதான். இழையை மூடிடலாம்.

ஸ்கோர்ஷீட்

மூடுவதற்கு முன்னால் ஃப்ரீ த்ரோவைப் பாருங்கள். ஜினோபிலி ஒன்று விட்டார், லெனர்டு ஒன்று விட்டார். மற்றதெல்லாம் நடந்தபடியே நடந்திருந்தால், இதில் ஏதோ ஒன்று விழுந்திருந்தாலே ஆலன் ஷாட்டுக்கு முன் ஸ்கோர் 96-92. ஆலன் போட்டாலும் 96-95, 5.2 நொடி, பந்து ஸ்பர்ஸ் கையில். இரண்டும் விழுந்திருந்தால் 97-92. அதற்கப்புறம் பேச எதுவும் இல்லை.

80 சதவீதம் போடுபவர்கள் என்று வைத்துக் கணக்குப் போட்டால், நான்கு எறிந்து இரண்டோ அதற்குக் குறைவாகவோ விழ 18 சதவீத வாய்ப்பு. ஐந்தில் ஒருமுறைக்குக் கொஞ்சம் குறைவு. கெட்ட நாளில் நடக்கக்கூடியதுதான், அதிசயம் ஒன்றும் இல்லை.

கோட்டோரம்

கணக்கு சரி, ஆனால் "மற்றதெல்லாம் நடந்தபடியே" என்பதுதான் உதைக்கிறது. 4 பாயிண்ட் பின்தங்கியிருந்தால் மயாமி 19 நொடியில் வேறு மாதிரி ஆடியிருக்கும், சீக்கிரம் எறிந்திருக்கும். ஃப்ரீ த்ரோ தவறியது துரதிர்ஷ்டக் கணக்கில் வரும். டங்கனை எடுத்தது முடிவு. நான் தேடுவது முடிவுகளை.

பாக்ஸ் அவுட் பாண்டி

ஆறாவது ஆள் தம்பி, டங்கனை ஏன் எடுத்தார் என்று முதலில் பார்ப்போம். அவர் முட்டாள்தனமாக எடுக்கவில்லை.

மயாமி அந்த நேரத்தில் ஐந்து பேரையும் வெளியே நிறுத்தி ஆடியது. சென்டராக ஆடிய போஷ்கூடக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறிவார். 3 பாயிண்ட் முன்னிலையில் இரண்டு பாயிண்ட் கொடுத்தால் நஷ்டம் இல்லை, த்ரீ மட்டும்தான் ஆபத்து. அதனால் கோட்டில் ஸ்கிரீன் (மறிப்பவன் வழியில் தடுப்பாக நிற்பது) போட்டால் எல்லாரும் ஸ்விட்ச், அதாவது ஆள் மாற்றிப் பிடிப்பது. துரத்திப் போகக் கூடாது, கீழே இறங்கக் கூடாது, ஸ்கிரீன் போட்டவனை நான் பிடிக்கிறேன், பந்து வைத்திருப்பவனை நீ பிடி. இதற்கு ஐந்து பேரும் வெளியே வந்து லெப்ரான், ஆலன் மாதிரி ஆட்களுக்கு முன்னால் நிற்கக்கூடியவர்களாக இருக்க வேண்டும். 37 வயது டங்கன் கோட்டில் லெப்ரானோடு தனியே நின்றால் இரண்டு கெடுதல் வரும்: ஒன்று, ஒரு அடி பின்னால் நின்று ஷாட்டுக்கு இடம் கொடுப்பார். இல்லை, நெருங்கிப் போய் ஃபவுல் ஆவார். டியா 6 அடி 8 அங்குலம், கனமான ஆள், ஆனால் கால் நகரும்.

ஆக, "நல்ல ஷாட் எடுக்க விடாதே" என்பதற்கு விலையாக "ரீபவுண்டு கொஞ்சம் பலவீனமாகட்டும்" என்று கொடுத்தார். பேரம் தப்பில்லை. பேரத்தின் இரண்டாவது பாதிக்கு ஏற்பாடு செய்யாமல் விட்டதுதான் தப்பு.

ஸ்விட்ச் ஆடும்போது என்ன ஆகும் என்று மெதுவாகப் பாருங்கள். ஸ்கிரீன் முடிந்ததும் சின்ன ஆள் பெரிய ஆள் மேல் வந்து நிற்பார். ஷாட் கிளம்பியதும் பழக்கதோஷத்தில் எல்லோர் கண்ணும் பந்தோடு மேலே போகும். உயரமானவனோடு உயரத்தில் போட்டி போட்டால் சின்னவன் தோற்பான். 6 அடி 11 போஷ் எழுந்தபோது பக்கத்தில் எழுந்தவர் 6 அடி 6 ஜினோபிலி. அங்கே எழுந்ததே தப்பு. எழக் கூடாது.

சின்ன ஆள் செய்ய வேண்டியது: ஷாட் கை விட்டுக் கிளம்பும் சத்தத்திலேயே பந்தைப் பார்ப்பதை நிறுத்து. உன் ஆளின் தொடையில் உன் இடுப்பை வை, முழங்கால் மடக்கி அவன் இடுப்புக்குக் கீழே இறங்கு. கை விரித்து வை, பிடிக்காதே, பிடித்தால் விசில். அவனை ரிங்கிலிருந்து ஓரடி வெளியே தள்ளிக்கொண்டே இரு. பந்து உனக்கு வேண்டாம், அவனுக்கும் கிடைக்கக் கூடாது, அவ்வளவுதான். பந்தை எடுப்பது மற்ற நாலு பேர் பாடு. கடைசி நொடிகளில் இன்னொன்றும் உண்டு: பிடிக்க முடியாவிட்டால் தட்டிவிடு. நடுக்கோட்டுப் பக்கம் பலமாகத் தட்டினால் எதிரணிக்கே போனாலும் மூன்று நொடி கரையும். மில்லர் கைக்குப் போன பந்தும் தட்டுப்பட்டதுதான். திசையில்லாமல் தட்டுப்பட்டது.

ஹீட் கட்சி

எல்லாரும் ஸ்பர்ஸ் தப்பையே பேசுறீங்க. போஷ் பக்கம் ஒரு நிமிஷம் வாங்க. ரீபவுண்ட் எடுத்ததும் பெரிய ஆளுங்க என்ன பண்ணுவாங்க? ரிங் கிட்ட இருக்கோம்னு திருப்பி எறிவாங்க. இரண்டு பாயிண்ட் விழுந்தா 95-94, அப்புறம் ஃபவுல் பண்ணி ஃப்ரீ த்ரோ கொடுக்கணும். போஷ் ரிங்கையே பார்க்கல. பந்தைத் தலைக்குக் கீழ இறக்காம நேரா ஆலனைத் தேடினார். அந்த ஒரு நொடி மிச்சம் பிடிக்காட்டி ஷாட்டே இல்ல.

ஆலன் காலைப் பாருங்க. லைனுக்கு உள்ள நின்னவர், ரீபவுண்ட் போஷ் கையில விழுறதுக்குள்ளயே பின்னோக்கி நடக்க ஆரம்பிச்சுட்டார். கார்னர்ல த்ரீ கோட்டுக்கும் வெளிக்கோட்டுக்கும் நடுவுல மூணு அடிதான். குனிஞ்சு பார்க்காம பின்னால போய் அந்த மூணு அடிக்குள்ள ரெண்டு காலையும் வைக்கணும். அதிகம் போனா அவுட், கம்மியா போனா ரெண்டு பாயிண்ட்தான். நடுவர்களே ரீப்ளே பார்த்துதான் த்ரீன்னு உறுதி பண்ணாங்க. இதுக்குன்னே ஒரு பயிற்சி பல வருஷமா பண்ணவர் அவர்: ரிங் கீழ தரையில படுத்து, எழுந்து, பின்னோக்கி கார்னருக்கு ஓடி, பாஸ் வாங்கி எறியுறது. தற்செயல்னு யாராவது சொன்னா அதுக்கு இதுதான் பதில்.

ஸ்கோர்ஷீட்

கார்னர் 22 அடி, மேலே நடுவில் 23 அடி 9 அங்குலம். த்ரீயிலேயே கிட்டத்து த்ரீ கார்னர்தான். அதனால்தான் கடைசி நொடியில் கார்னரில் ஆளை விட்டு உள்ளே போவது பெரும்பாவம் என்பார்கள்.

பெஞ்ச் ஆறாவது ஆள்

சரி பாண்டி அண்ணே, டங்கன் விஷயத்தை ஒத்துக்கறேன்னே வைங்க. ஆனா ஃபவுல்? 3 பாயிண்ட் முன்னால, 19 நொடி. பிடிச்சு ஃபவுல் பண்ணி ரெண்டு ஃப்ரீ த்ரோ கொடுத்துட்டா த்ரீ போடவே முடியாதே. சின்னப் பையனுக்கும் தெரிஞ்ச விஷயம்.

ஸ்கோர்ஷீட்

19 நொடியில் ஃபவுல் பண்ணக் கூடாது. அது ரொம்ப முன்கூட்டி. அவர்கள் இரண்டும் போட்டால் 1 பாயிண்ட், உடனே நம்மை ஃபவுல் பண்ணுவார்கள், நாம் எறிவோம், மறுபடி அவர்கள். இந்தச் சுற்று 19 நொடியில் மூன்று தடவை நடக்கும். ஒவ்வொரு சுற்றிலும் நம் ஃப்ரீ த்ரோ ஒன்று தவறினால் முன்னிலை கரையும். அன்றைக்கு ஸ்பர்ஸ் ஃப்ரீ த்ரோ கோட்டில் இருந்த லட்சணம் மேலே இருக்கிறது.

ஃபவுலுக்குச் சரியான நேரம் 6 நொடிக்கும் கீழே. அப்போது அவர்களுக்கு ஒரே வழி: முதல் ஃப்ரீ த்ரோவைப் போடு, இரண்டாவதை வேண்டுமென்றே ரிம்மில் அடி, ரீபவுண்ட் எடு, மறுபடி போடு. தோராயமாக வைத்துப் பாருங்கள்: முதலாவது விழ 80 சதவீதம், ரீபவுண்ட் கிடைக்க 15, அதிலிருந்து ஸ்கோர் 45. பெருக்கினால் 5 சதவீதத்தை ஒட்டி. இரண்டையும் போட்டுவிட்டு நம்மை ஃபவுல் பண்ணும் வழியையும் சேர்த்தால் 8, 10 என்று வரும்.

ஃபவுல் பண்ணாவிட்டால்? மறிக்கப்பட்ட த்ரீ 30 சதவீதம் என்று வைப்போம். விழுந்தாலும் சமநிலைதான், ஓவர்டைமில் பாதிப்பாதி. 15 சதவீதம். 15க்கும் 10க்கும் உள்ள வித்தியாசம் இருக்கிறது, ஆனால் சத்தம் போடுபவர்கள் நினைக்கிற அளவுக்கு இல்லை. இதில் எண்கள் என் அனுமானம், வேறு எண் போட்டுப் பார்த்தாலும் திசை மாறாது.

அரைக்கோடு

ஸ்கோர்ஷீட் கணக்கில் ஒரு ஓட்டை. "மறிக்கப்பட்ட த்ரீ" ஒன்றுதான் வரும் என்று வைத்திருக்கிறீர்கள். 19 நொடி இருந்தால் ஒரு த்ரீ தவறி இரண்டாவது த்ரீயும் வரலாம், வந்தது. அந்த இரண்டாவது த்ரீ மறிக்கப்பட்டதாக இருக்காது, ஏனென்றால் ரீபவுண்டுக்காக எல்லாரும் உள்ளே சரிந்திருப்பார்கள். ஃபவுல் பண்ணாமல் விடுவதன் உண்மையான விலை அங்கே ஒளிந்திருக்கிறது.

ஃபவுல் பண்ணுவதிலும் ஆபத்து உண்டு. லெப்ரான் ஷாட்டுக்குக் கை தூக்கும் அசைவில் தொட்டுவிட்டால் மூன்று ஃப்ரீ த்ரோ. அனுபவமுள்ளவர்கள் ஃபவுல் வருவதை மோப்பம் பிடித்து எறிவதுபோல் கை தூக்குவார்கள். அதனால் முகத்தைப் பார்த்து நிற்பவனை ஃபவுல் பண்ணக் கூடாது. முதுகு காட்டிப் பந்து வாங்குபவனை, பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு போகிறவனை, ரீபவுண்ட் எடுத்தவனைப் பண்ண வேண்டும்.

கடைசியாகச் சொன்ன ஆள்தான் முக்கியம். போஷ் பந்தை எடுத்து இறங்கிய நொடிதான் அந்த ஆட்டத்தின் ஃபவுல் நொடி. கடிகாரத்தில் ஏழெட்டு நொடி. ஷாட் அசைவு இல்லை, இரண்டு கையும் பந்தில். பக்கத்தில் இருப்பவர் கட்டிப் பிடித்தால் போஷுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ, ஸ்பர்ஸ் இன்னும் முன்னால். அதற்கு "அவர்கள் ரீபவுண்ட் எடுத்தால் எடுத்தவனை உடனே பிடி" என்று முன்கூட்டிச் சொல்லியிருக்க வேண்டும். ஆடுகளத்தில் நிற்பவன் அரை நொடியில் தானாக யோசித்து அதைச் செய்ய மாட்டான், உடம்பு பந்தைத் தட்டத்தான் போகும்.

பாக்ஸ் அவுட் பாண்டி

அக்கா சொன்னதற்கு நூற்றுக்கு நூறு. ரீபவுண்டரைப் பிடிப்பது தனிப் பயிற்சி. நாலு பேர் டிஃபென்ஸ், நாலு பேர் அட்டாக், ஸ்கோர் 3 முன்னிலை, 8 நொடி என்று சொல்லிவிட்டு, பயிற்சியாளர் வேண்டுமென்றே தவறவிட்டு எறிய வேண்டும். அட்டாக் பக்கம் பந்து போன நொடியில் மிக அருகில் இருப்பவர் இரண்டு கையையும் பந்து வைத்திருப்பவன் முழங்கைக்கு மேல் போட்டு அணைக்க வேண்டும், மற்ற மூவரும் ரிங்குக்கு முதுகைக் காட்டி த்ரீ கோட்டுக்கு ஓட வேண்டும். பந்தை நோக்கி அல்ல, கோட்டை நோக்கி. அன்றைக்கு ஸ்பர்ஸ் பிசகியதும் அங்கேதான். பார்க்கர் கார்னருக்குப் பாய்ந்தார், கையும் நீட்டினார், ஆனால் 6 அடி 2 அங்குல ஆள் அரை நொடி தாமதமாகப் போய் ஆலனின் ஷாட்டை என்ன செய்ய முடியும்?

ஹீட் கட்சி

இதே பாடம் 2008லயே இருந்துச்சு. கல்லூரி இறுதி ஆட்டம், மெம்பிஸ், கான்சஸ். கடைசி 2 நிமிஷம் 12 நொடில மெம்பிஸ் 9 பாயிண்ட் முன்னால. ஃப்ரீ த்ரோவா விட்டாங்க. 3 முன்னால இருக்கும்போது ஃபவுல் பண்ணாம விட்டாங்க. 2.1 நொடில ஒரு பையன் த்ரீ போட்டு சமன் பண்ணி, ஓவர்டைம்ல கான்சஸ் 75-68. அந்தப் பையன் பேரு மரியோ சால்மர்ஸ். 2013ல மயாமிக்குப் பாயிண்ட் கார்டு. ஆறாவது ஆட்டத்துல 20 பாயிண்ட். யாரும் அவரைப் பத்திப் பேசவே மாட்டீங்க.

கோட்டோரம்

இது நல்ல இணைப்பு. மெம்பிஸில் ஃபவுல் பண்ணச் சொல்லியும் சரியாகப் பண்ணாமல் போனது. ஸ்பர்ஸில் பண்ண வேண்டும் என்ற திட்டமே தெரியவில்லை.

இன்னொரு கோணம். 94-89ல், 28.2 நொடியில் டங்கனை எடுத்ததும், 95-92ல், 19.4 நொடியில் எடுத்ததும் ஒன்றா? எனக்கு ஒன்றாகத் தெரியவில்லை. 5 பாயிண்ட் முன்னிலையில் ஒரு த்ரீ விழுந்தாலும் நீ 2 முன்னால். அங்கே உண்மையான ஆபத்து ஒரே தாக்குதலில் இரண்டாவது வாய்ப்பு கொடுப்பது. முதல் லெப்ரான் ஷாட் தவறி ரீபவுண்ட் ஸ்பர்ஸ் கைக்கு வந்திருந்தால் கடிகாரத்தில் 23, 24 நொடி, 5 முன்னிலை, ஃபவுல் வாங்கி இரண்டு எறிதல். ஆட்டம் முடிந்தமாதிரி. அந்த முதல் மாற்றம்தான் தப்பு என்பேன். இரண்டாவது மாற்றம் வாதத்துக்குரியது.

பாக்ஸ் அவுட் பாண்டி

இதை மறுக்க முடியாது. 5 முன்னிலையில் டங்கன் உள்ளே நிற்கலாம். லெப்ரான் அவரைத் தாண்டி ரிங் அருகே போய் லே-அப் போட்டால் போடட்டும், இரண்டு பாயிண்ட்தான்.

பெஞ்ச் ஆறாவது ஆள்

அப்ப நான் சொன்னது பாதி சரி.

ஸ்கோர்ஷீட்

பாதி. கடைசி 28 நொடியையே பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பதால் மற்றது மறைகிறது. நான்காவது குவார்ட்டரில் ஸ்பர்ஸ் 20, மயாமி 30. டங்கனின் 30 பாயிண்டும் மூன்று குவார்ட்டரில் வந்தது. நான்காவதிலும் ஓவர்டைமிலும் பூஜ்ஜியம். பார்க்கர் 23 ஷாட்டில் 6. மூன்றாவது ஆட்டத்திலேயே தொடைப் பின்தசை பிடித்திருந்தவர், இறுதியில் அவரை மறித்தது லெப்ரான். ஜினோபிலி 8 டர்ன் ஓவர் (பந்தை எதிரணியிடம் இழப்பது), 9 பாயிண்ட். டேனி கிரீன் முதல் ஐந்து ஆட்டத்தில் 38க்கு 25 த்ரீ போட்டு, ஒரு ஃபைனல்ஸில் அதிக த்ரீ என்ற ஆலனின் சாதனையையே உடைத்தவர். இந்த ஆட்டத்தில் மொத்தமே 7 ஷாட்டில் 1, 3 பாயிண்ட்.

லெனர்டு மட்டும் விதிவிலக்கு. 21 வயது, 22 பாயிண்ட், 11 ரீபவுண்ட். ஒரு ஃப்ரீ த்ரோ தவறியதற்காக அவரை நினைவில் வைப்பது அநியாயம்.

அரைக்கோடு

கிரீனுக்கு நடந்தது தற்செயல் இல்லை. முதல் ஐந்து ஆட்டத்தில் பார்க்கர் பந்தோடு ரிங்கை நோக்கிப் பாயும் டிரைவுக்கு மயாமி இரண்டாவது ஆளை அனுப்பியது, அந்த ஆள் விட்டுவந்தவர் பெரும்பாலும் கிரீன். ஆறாவது ஆட்டத்தில் அவரை விட்டு உதவிக்குப் போவதைக் குறைத்தார்கள். விலையாக உள்ளே டங்கனுக்கு ஒற்றைக்கு ஒற்றை கிடைத்தது, அதனால்தான் முதல் பாதியில் 25. டங்கன் களைத்தபின் அந்தக் கதவும் மூடியது, கிரீன் கதவு ஏற்கெனவே மூடியிருந்தது. மயாமி பயிற்சியாளர் எரிக் ஸ்போல்ஸ்ட்ராவுக்கு இதற்குப் பாராட்டு கொடுத்தாக வேண்டும். இரண்டு பாயிண்டாகக் கொடுத்துக் களைக்கவைத்தார்.

பெஞ்ச் ஆறாவது ஆள்

ஓவர்டைம் பத்தி யாரும் வாயே திறக்கல. 100-97 முன்னால இருந்தாங்களே?

ஸ்கோர்ஷீட்

இருந்தார்கள். 1:43 மிச்சமிருக்கும்போது லெப்ரான் போட்டதும் 101-100. அதற்கப்புறம் ஸ்பர்ஸ் ஒரு பாயிண்ட்கூடப் போடவில்லை. 32 நொடி இருக்கும்போது பார்க்கர் ஷாட்டை போஷ் தட்டினார். கடைசியில் ஜினோபிலி கூட்டத்துக்குள் டிரைவ், பந்து போனது. ஃபவுல் என்று இன்றுவரை வாதம் உண்டு. 1.9 நொடியில் ஆலன் இரண்டு ஃப்ரீ த்ரோ, 103-100. கிரீன் கார்னரிலிருந்து எறிந்த கடைசி த்ரீயையும் போஷே தட்டினார்.

பாக்ஸ் அவுட் பாண்டி

அந்தக் கடைசித் தட்டலில்தான் மொத்த விஷயமும் இருக்கிறது. ரீபவுண்ட் எடுத்தது போஷ். பார்க்கரை மறித்தது போஷ். கார்னருக்கு ஓடிப்போய் கிரீனைத் தட்டியது போஷ். ரிங் கீழேயும் நிற்பார், கோட்டுக்கும் வருவார். மயாமி பயிற்சியாளர் "ரீபவுண்டா, ஸ்விட்சா" என்று தேர்ந்தெடுக்கவே வேண்டியதில்லை, இரண்டும் ஒரே உடம்பில். பாப்போவிச்சுக்கு அது இரண்டு ஆள்: ரீபவுண்டுக்கு டங்கன், ஸ்விட்சுக்கு டியா. ஒருவரை உள்ளே அனுப்ப இன்னொருவரை வெளியே எடுத்தார்.

அரைக்கோடு

ஏன் எடுக்க வேண்டும்? இதைத்தான் யாரும் கேட்கவில்லை. டங்கன், டியா இருவரையும் வைத்துக்கொண்டு பார்க்கரை உட்காரவைத்திருக்கலாமே? லெனர்டு, கிரீன், ஜினோபிலி, டியா, டங்கன். வெளியே நாலு பேர் ஸ்விட்ச் ஆடலாம். டங்கன் போஷோடு நிற்கட்டும். போஷ் ஸ்கிரீன் போட வந்தால் மட்டும் டங்கன் ஸ்விட்ச் ஆகாமல் லெப்ரான் முன்னால் ஒரு எட்டு நீட்டிக் காட்டிவிட்டுத் திரும்பலாம். அந்த அரை நொடியில் போஷுக்கு ஒரு த்ரீ கிடைக்கலாம், கிடைக்கட்டும். லெப்ரான், ஆலன் த்ரீயைவிட போஷ் த்ரீ எனக்குச் சம்மதம்.

கோட்டோரம்

பந்து கைக்கு வந்ததும் ஃப்ரீ த்ரோ போட ஆள் வேண்டும் என்ற பயமாக இருக்கலாம். டங்கன் என்றாலே ஃப்ரீ த்ரோ பலவீனம் என்றொரு பழைய பேச்சு உண்டு.

ஸ்கோர்ஷீட்

பழைய பேச்சேதான். மொத்த வாழ்க்கைக் கணக்கில் டங்கன் 70 சதவீதத்துக்குச் சற்றுக் கீழே. ஆனால் 2012-13 சீசனில் 81.7. அந்த வருஷம் அவரை ஃபவுல் பண்ணினால் பயப்பட ஒன்றும் இல்லை.

பெஞ்ச் ஆறாவது ஆள்

பார்க்கரை உக்கார வைக்கறதா? ரெண்டு ஷாட் போட்டு முன்னிலையே வாங்கிக் கொடுத்த ஆளை? அரங்கமே சிரிச்சிருக்கும்.

அரைக்கோடு

டிஃபென்ஸில் ஒரு தாக்குதலுக்கு மட்டும் உட்காரவைப்பதில் சிரிக்க என்ன இருக்கிறது? டங்கனை உட்காரவைத்தபோது யாரும் சிரிக்கவில்லையே. மேலே பாண்டி சொன்னதைத் திரும்பப் படியுங்கள்: ஆலன் மேல் கடைசியாகப் பாய்ந்த கை 6 அடி 2 அங்குல ஆளின் கை.

பாக்ஸ் அவுட் பாண்டி

அடுத்த வருஷம் 2014 ஃபைனல்ஸ். அதே இரண்டு அணி. மூன்றாவது ஆட்டத்திலிருந்து பாப்போவிச் டியாகோ ஸ்ப்ளிட்டரை எடுத்துவிட்டு டியாவை ஆரம்ப ஐவரில் போட்டார், டங்கனுக்குப் பக்கத்திலேயே. ஸ்பர்ஸ் 4-1.